உருகிய ஐஸ்கிரீமுக்கு நீதி கேட்ட நாடு

2014 ஆகஸ்ட் 27, புதன்கிழமை இரவு. பிரிட்டனில் ஒரு மாபாதகம் நடந்துவிட்டது. ஒரு போட்டியாளரின் ஐஸ்கிரீமை இன்னொரு போட்டியாளர் ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

சிரிக்காதீர்கள். நாடு கொந்தளித்துப் போனது.

நிகழ்ச்சியின் பெயர் 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்'. அந்த வாரம் இனிப்புகளின் வாரம். கொடுத்த பண்டம் 'பேக்டு அலாஸ்கா'. அடியில் ஸ்பாஞ்ச் கேக், அதன்மேல் ஐஸ்கிரீம், அதை முழுக்க மூடியபடி முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்த 'மெரிங்கு' நுரை. அப்படியே சூட்டில் காட்டி எடுக்க வேண்டும். நுரை சிவக்க வேண்டும், ஐஸ்கிரீம் உருகக் கூடாது. தாடி வைத்த ஓர் இளைஞருடையது உருகி வழிந்தது. கோபத்தில் மொத்தத்தையும் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வெளியே நடந்தார். பிறகு திரும்பி வந்து, அந்தக் குப்பைத்தொட்டியையே தூக்கிப்போய் நடுவர்கள் முன் வைத்தார். போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்.

பிபிசிக்கு 800-க்கும் மேற்பட்ட புகார்கள் பறந்தன. போரும் பொருளாதாரமும் பேசுகிற 'நியூஸ்நைட்' செய்தி நிகழ்ச்சி, பாதிக்கப்பட்டவரை அழைத்து உட்கார வைத்துப் பேட்டி கண்டது. ஃப்ரீசர் கதவைத் திறந்த வயதான பெண்மணியை ஊரே சேர்ந்து வசைபாடியது. தொகுப்பாளர் சூ பெர்கின்ஸ், ஐஸ்கிரீம் வெளியே இருந்தது வெறும் 40 விநாடிதான் என்று சாட்சி சொல்ல வேண்டி வந்தது. ஒரு நாட்டின் நீதியுணர்ச்சி இவ்வளவு கூர்மையாக இருக்கிறதே என்று பார்க்கிறவனுக்கு மெய்சிலிர்க்கும்.

அதே 2014 மார்ச்சுடன் முடிந்த ஒரே ஆண்டில், டிரஸ்ஸல் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனத்தின் உணவு வங்கிகள் 9,13,138 தடவை அவசர உணவுப் பொட்டலம் கொடுத்திருந்தன. ஒவ்வொன்றும் மூன்று நாள் சாப்பாடு. டாக்டரோ, சமூகநல ஊழியரோ, வேலைவாய்ப்பு அலுவலகமோ "இவர் உண்மையிலேயே பசியோடு இருக்கிறார்" என்று சீட்டு எழுதித் தரவேண்டும். சீட்டைக் காட்டினால் டின்னில் அடைத்த பீன்ஸ், சூப்பு, பாஸ்தா, தேயிலை கிடைக்கும். அடுப்பு எரிக்கக் காசில்லாத ஆட்களுக்கென்றே, கெட்டிலில் வெந்நீர் வைத்து ஊற்றினால் போதும் என்கிற மாதிரித் தனிப் பொட்டலமும் உண்டு. ஃப்ரீசர் கதவைப் பற்றிப் பேச அந்த வீடுகளில் ஃப்ரீசருக்கு மின்சாரம் வேண்டுமே.

அந்த ஆண்டு பிப்ரவரியில் 27 ஆங்கிலிக்கன் பிஷப்புகள் பசியைப் பற்றிக் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வெளியிட்டார்கள். பிஷப்புகளுக்கு ஐஸ்கிரீம் உருகவில்லை. அதனால் விஷயம் அத்தோடு போயிற்று.

இந்த நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சைப் புல்வெளி நடுவே ஒரு வெள்ளைக் கூடாரம். உள்ளே வண்ணத் தோரணம், வெளிர்நிற ஃப்ரிட்ஜுகள். வெளியே ஆட்டுக்குட்டி மேய்வதை நடுநடுவே காட்டுவார்கள். தையற்காரர், டாக்டர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று சாதாரண மனிதர்கள் மாவு பிசைவார்கள். யாரும் யாரையும் திட்டமாட்டார்கள். கேக் சரிந்தால் எதிராளி ஓடிவந்து தாங்குவார். நடுவர் பால் ஹாலிவுட், நீலக்கண்ணால் ஊடுருவிப் பார்த்துவிட்டு, தப்பித்தவறி ஒருவரை மெச்சினால் கையை நீட்டிக் குலுக்குவார். அந்தக் கைகுலுக்கலுக்காகப் பெரியவர்கள் தேம்பி அழுவார்கள். வென்றவருக்குப் பணப் பரிசு கிடையாது. ஒரு பூங்கொத்தும் கண்ணாடி கேக் தாங்கியும் தருவார்கள். "எவ்வளவு அன்பான நிகழ்ச்சி!" என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. அன்பு வழிகிறது. அந்த அன்பு எந்தக் கடையில் உற்பத்தி ஆனது என்பதில்தான் என் வயிற்றெரிச்சல்.

இதைத் தயாரிப்பது லவ் புரொடக்‌ஷன்ஸ். பெயரிலேயே காதல். ஐஸ்கிரீம் உருகிய அதே 2014-இன் ஜனவரியில், இதே நிறுவனம் இன்னொரு தொடரைச் சேனல் 4-க்குத் தயாரித்துக் கொடுத்தது. அதன் பெயர் 'பெனிஃபிட்ஸ் ஸ்ட்ரீட்', அதாவது அரசு உதவித்தொகையில் பிழைப்பவர்களின் தெரு. பர்மிங்காமில் ஜேம்ஸ் டர்னர் ஸ்ட்ரீட் என்ற ஏழைத் தெருவுக்குப் போய், உங்கள் தெருவின் ஒற்றுமையைப் படம் எடுக்கிறோம் என்று சொல்லி நுழைந்தார்கள் என்கிறார்கள் தெருவாசிகள். ஒளிபரப்பானபோது அவர்கள் பார்த்தது தங்கள் சிகரெட்டுகளை, பீர் டின்களை, வாசலில் கிடந்த பழைய சோஃபாக்களை, தங்கள் பிள்ளைகளின் முகத்தை. நாடு பார்த்தது சோம்பேறிகளை, திருடர்களை, வரிப்பணத்தைத் தின்னும் கும்பலை. அவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. புகார்கள் குவிந்தன. ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விசாரித்துவிட்டு விதிமீறல் எதுவும் இல்லை என்று முடித்தது. உதவித்தொகையை வெட்டிக்கொண்டிருந்த துறையின் அமைச்சர் அயன் டங்கன் ஸ்மித்துக்கோ, நாடாளுமன்றத்தில் பேச நல்ல சரக்குக் கிடைத்தது.

ஒரே நிறுவனம். ஒரே ஆண்டு. ஒரே கேமரா இலக்கணம்: முகத்துக்குப் பக்கத்தில் போ, நடுங்கும் விரலைக் காட்டு, கண்ணீர் திரளும்வரை காத்திரு. கூடாரத்தில் மெரிங்கு சரிந்து அழுதால் நாட்டின் செல்லப்பிள்ளை. தெருவில் வாழ்க்கை சரிந்து அழுதால் நாட்டின் ஒட்டுண்ணி. அன்பும் இகழ்ச்சியும் ஒரே அடுப்பில் ஒரே மாவில் வெந்தன, அச்சு மட்டும் வேறு. அந்த ஆண்டே ஸ்கை நிறுவனம் லவ் புரொடக்‌ஷன்ஸின் 70 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. இரண்டு சரக்கும் நன்றாக விற்றன.

தொலைக்காட்சிக்காரர்களை மட்டும் ஏசிப் பயனில்லை. 2013 செப்டம்பரில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், உணவு வங்கிக்குப் போகிறவர்கள் பலர் தாங்களே எடுத்த முடிவுகளால்தான் பணத்தைச் சமாளிக்க முடியாமல் தவிக்கிறார்கள் என்றார். 2014 டிசம்பரில், பசி பற்றிய நாடாளுமன்றக் குழு அறிக்கை வெளியான கூட்டத்தில், பிரபுக்கள் சபை உறுப்பினர் பாரனெஸ் ஜென்கின் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்: ஏழைகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை, தான் அன்று காலை குடித்த ஓட்ஸ் கஞ்சிக்கு ஆன செலவு வெறும் 4 பென்ஸ். பிறகு மன்னிப்புக் கேட்டார். 2022 மே மாதம் லீ ஆண்டர்சன் என்ற எம்.பி. அதே பல்லவியைப் பாடி, 30 பென்ஸில் ஒரு வேளைச் சாப்பாடு சமைக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். அவருக்கு மன்னிப்பெல்லாம் தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டு கட்சியின் துணைத் தலைவர் பதவி கிடைத்தது.

வாரம்தோறும் லட்சக்கணக்கானோர் உட்கார்ந்து அடுத்தவர் கேக்கின் அடிப்பாகம் நசநசத்துவிட்டதா என்று ஆராயும் நாட்டில்தான் இப்படிச் சொல்ல முடிந்தது. ஏழைக்குச் சமைக்கத் தெரியாது! கூடாரத்தில் கொடுக்கிற வெண்ணெயும் வெனிலாக் காயும் பிஸ்தாவும் ஆறு மணி நேர மின்சாரமும் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் தெரியும் யாருக்குச் சமைக்கத் தெரியாது என்று.

போட்டியில் 'டெக்னிகல்' என்று ஒரு சுற்று உண்டு. பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு பண்டத்தைச் செய்யச் சொல்வார்கள். செய்முறைத் தாளில் பாதி வரி இருக்காது. எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் என்பதெல்லாம் இருக்காது. "கஸ்டர்ட் செய்க" என்று ஒரே வரி. போட்டியாளர் விழிப்பார், நாம் சிரிப்போம். பிரிட்டிஷ் அரசு இந்தச் சுற்றை நாடு முழுக்க நடத்துகிறது. அதற்கு 'யுனிவர்சல் கிரெடிட்' என்று பெயர். கையில் காசில்லாதவன் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். முன்பு ஆறு வாரமாக இருந்தது; 2018-இல் பெரிய மனது பண்ணிக் குறைத்தார்கள். அந்த ஐந்து வாரம் எதைத் தின்பது? தாளில் அந்த வரி இல்லை. அவசரமென்றால் முன்பணம் தருகிறோம் என்பார்கள். அதுவும் கடன், பிற்பாடு உதவித்தொகையிலேயே பிடித்துக்கொள்வார்கள். ஒரு சந்திப்புக்குத் தாமதமாகப் போனால் தொகையை வெட்டலாம். இந்தச் சுற்றில் தோற்றவனைக் கட்டியணைக்கத் தொகுப்பாளர் வருவதில்லை.

இனி 2015-க்கு வருவோம். அந்த ஆண்டை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாகவே வருகின்றன.

அந்த ஆண்டுப் போட்டி ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது. ஐந்தே நாளில், ஆகஸ்ட் 10 முதல், புகலிடம் கேட்டு வந்தவர்களுக்கான வாராந்தரப் படியை அரசு தலைக்கு 36.95 பவுண்டு என்று ஒரே அளவாக்கியது. குழந்தைகளுக்கு அதுவரை கொடுத்துவந்த கூடுதல் தொகை போயிற்று. அவர்கள் வேலைக்குப் போகவும் பொதுவாக அனுமதி கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் தப்பி வந்து வழக்கு முடியக் காத்துக்கிடந்த நம் ஆட்களும் அந்த வரிசையில்தான் நின்றார்கள். அக்டோபர் 6-ஆம் தேதி மான்செஸ்டரில் கன்சர்வேடிவ் கட்சி மாநாட்டில் உள்துறை அமைச்சர் தெரசா மே பேசினார். குடியேற்றம் மிஞ்சிப் போனால் ஒற்றுமையான சமுதாயத்தைக் கட்டவே முடியாது என்றார்.

மறுநாள் இரவு இறுதிச் சுற்று ஒளிபரப்பானது. லூட்டனில் பிறந்த, வங்கதேசப் பெற்றோரின் மகள் நதியா ஹுசைன், தலையில் முக்காடுடன், சிவப்பு வெள்ளை நீலச் சேலைத்துணி சுற்றிய, தன் கல்யாண நகைகளைப் பூட்டிய ஒரு 'பிரிட்டிஷ் கல்யாண கேக்' செய்தார். வென்றார். அழுதார். ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பிரதமர் டேவிட் கேமரனும் நதியாதான் ஜெயிக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். மாநாட்டில் ஒற்றுமை குலைகிறது, கூடாரத்தில் ஒற்றுமை பொங்குகிறது. இரண்டே நாளுக்குள் இரண்டையும் விற்க வெட்கமில்லாத மனம் வேண்டும்.

எல்லாருமே உருகிவிடவும் இல்லை. 'டெய்லி மெயில்' பத்தியாளர் ஒருவர், தோற்ற வெள்ளைக்காரப் பெண் சாக்லேட்டில் மசூதி செய்திருந்தால் ஒருவேளை தேறியிருப்பார் என்ற பொருளில் எழுதினார். நதியா அடுத்த ஆண்டு ராணியின் 90-ஆவது பிறந்தநாளுக்கு ஆரஞ்சு கேக் செய்து கொடுத்தார். பிரிட்டனின் சகிப்புத்தன்மைக்கு ஆதாரமாக அந்த கேக்கைப் பத்தாண்டு காட்டினார்கள். 2025-இல் அவருடைய சமையல் தொடரை இனி எடுக்கப்போவதில்லை என்று பிபிசி சொல்லிவிட்டது. ஆதாரத்தின் காலாவதித் தேதி முடிந்துபோனது போலும்.

அதே 2015-இல் இன்னொன்றும் முடிந்தது. 1833-இல் பிரிட்டன் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அடிமைகளுக்கு அல்ல. அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. கரீபியன் கரும்புத் தோட்டங்களில் சாட்டையடி பட்டவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. 'பயிற்சிக் காலம்' என்ற பேரில் மேலும் சில ஆண்டு சம்பளமில்லாத உழைப்புத்தான் கிடைத்தது. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் உருமாறி உருமாறி வந்து, 2015-இல்தான் முழுக்க அடைந்தது. 2018 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கருவூலத்துறை இதை வெள்ளிக்கிழமைச் சுவாரசியத் தகவலாக ட்விட்டரில் போட்டது: அடிமை வணிகத்தை ஒழிக்க உங்கள் வரிப்பணமும் உதவியிருக்கிறது, தெரியுமா! அடிமைகளின் கொள்ளுப்பேரன் லண்டனில் பஸ் ஓட்டிக் கட்டிய வரி, அவன் பாட்டனை வைத்திருந்தவனுக்குக் கொடுத்த பணத்தின் கடனுக்குப் போயிருக்கிறது. கொதித்தார்கள் ஜனங்கள். பதிவை எடுத்துவிட்டார்கள்.

கூடாரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், 2016-இல் நடந்த வியாபாரத்தைப் பார்க்க வேண்டும். அன்பான நிகழ்ச்சியை லவ் புரொடக்‌ஷன்ஸ் பிபிசியிடமிருந்து பிடுங்கிச் சேனல் 4-க்கு விற்றது. மூன்றாண்டுக்கு 7.5 கோடி பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. ஜெயித்தவருக்குப் பூங்கொத்து, நினைவிருக்கட்டும். நடுவர் மேரி பெரியும் தொகுப்பாளர்கள் இருவரும் கூடப் போகவில்லை. அவர்களுக்கு வெட்கம் இருந்தது. பால் ஹாலிவுட் போனார். புதிய சேனலில் விளம்பரம் உண்டு என்பதால் 2017-இல் விளம்பரதாரர்கள் வந்தார்கள். அதில் ஒன்று லைல்ஸ் கோல்டன் சிரப், சர்க்கரைப் பாகு. அந்த டின்னில் செத்த சிங்கமும் அதைச் சுற்றித் தேனீக்களும் இருக்கும். வலியவனின் உடலிலிருந்து இனிப்புப் பிறந்ததாக பைபிளில் வரும் கதை. வலியவன் உடலிலிருந்தா வந்தது இனிப்பு?

அடிமைகள் விடுதலையானதும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வெள்ளைக்காரன் வந்து நின்றது நம் கரையில். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 ஒப்பந்தக் கூலிகளை நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் இறக்கியது. நேட்டாலின் கரும்புக்காகப் போனவர்கள் அவர்கள். மொரீசியஸ், ட்ரினிடாட், பிஜி என்று கரும்பு விளைந்த இடமெல்லாம் தமிழனும் தெலுங்கனும் போஜ்புரிக்காரனும் போய் வெட்டினார்கள். பிஜித் தீவில் நம் பெண்கள் பட்டதைக் கேள்விப்பட்டு பாரதி பாட்டெழுதி அழுதார். ட்ரினிடாடில் அந்தக் கூலிகளின் பிள்ளைகள் உழைத்த கரோனித் தோட்டத்தை 1937-இல் வாங்கியது டேட் அண்ட் லைல் நிறுவனம். அதே லைலின் பெயர்தான் டின்னில் இருக்கிறது. கூடாரத்தில் பாகு காய்ச்சும்போது, நூல் பதம் வந்ததா என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துப் பார்க்கிறார்கள். கரும்பு வெட்டிய விரல்களைப் பார்க்க எந்த கேமராவும் இல்லை.

2020 அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை. கொரோனா ஆண்டு. கூடாரத்தில் பேஸ்ட்ரி வாரம். 'ஷோஸ்டாப்பர்' என்கிற பெரிய சவால், இனிப்பு டார்ட் ஒன்றைச் செய்து அதன்மேல் மாவாலேயே ஒரு கூண்டு கட்டுவது. கூண்டு உடையாமல் நிற்க வேண்டும். நாடு நகம் கடித்தது. மறுநாள் புதன்கிழமை நாடாளுமன்றத்தில், பள்ளி விடுமுறை நாட்களிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச உணவு நீட்டிக்க வேண்டும் என்ற தீர்மானம் வந்தது. பின்னணியில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டின் பிரச்சாரம். சின்ன வயதில் பசித்துக் கிடந்தவர். தீர்மானம் 322-க்கு 261 என்று தோற்றது. கூண்டு உடையவில்லை.

நாடே காறித் துப்பிய பிறகு சில வாரத்தில் அரசு பின்வாங்கியது. ஆனால் அடுத்த ஜனவரியில், ஊரடங்கில் பள்ளி மூடிக் கிடந்தபோது, சில இடங்களில் 30 பவுண்டு கூப்பனுக்குப் பதிலாகப் பிள்ளைகளின் வீட்டுக்கு உணவுப் பெட்டி போனது. ஒப்பந்தம் தனியார் நிறுவனங்களுக்கு. ஒரு தாய் தனக்கு வந்த பெட்டியைத் தரையில் பரப்பிப் படம் எடுத்துப் போட்டார். நடுவர்களே, வாருங்கள், இந்த ஷோஸ்டாப்பரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ரொட்டி ஒன்று. அடிப்பாகம் நசநசக்கவில்லை, சபாஷ். சீஸ் துண்டுகள் ஒரு பை, ஒரு டின் பீன்ஸ், கொஞ்சம் பாஸ்தா. கேரட் இரண்டு, சமச்சீராக இருக்கின்றன, கட்டுப்பாடு தெரிகிறது. உருளைக்கிழங்கும் இரண்டு. தக்காளி ஒன்றே ஒன்று. எளிமை, சுவை மிகையாகவில்லை. வாழைப்பழம் இரண்டு, ஆப்பிள் மூன்று. பல நாளுக்கு வரவேண்டிய உணவை இவ்வளவு சிறிய இடத்தில் அடக்கிய நுட்பம் அபாரம். இதில் சுமார் 5 பவுண்டுச் சரக்குத்தான் இருக்கிறது என்றார் அந்தத் தாய். மீதிப் பவுண்டுகள் எங்கே மறைந்தன என்பது கண்ணுக்கே தெரியாத வேலைப்பாடு. கைகுலுக்கல் நிச்சயம் உண்டு. சப்ளை செய்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பிரதமர் ஜான்சன் அவமானம் என்றார். மூன்று மாதத்துக்கு முன் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த அவமானம் உறைத்தது என்று யாரும் எடை போடவில்லை.

மாவு பிசைகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல மனிதர்கள், ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பசி என்றால் பாத்திரத்தோடு ஓடக்கூடியவர்கள். உணவு வங்கிகளில் சம்பளமில்லாமல் டின் அடுக்குவதும் பெரும்பாலும் இவர்களைப் போன்றவர்கள்தான். அந்த நல்ல குணத்தைக் கூடாரத்துக்குள் பிடித்து அடைத்து, விளக்குப் போட்டு, விளம்பரத்துக்கு நடுவே விற்றுவிட்டு, கூடாரத்துக்கு வெளியே சட்டம் போடும்போது மட்டும் அது எங்கே என்று கேட்டால், "ஏழைக்குச் சமைக்கத் தெரியாது" என்று சொன்னார்களே, அவர்கள் குற்றவாளிகள். இதைச் சொல்ல நடுவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

போட்டி தொடங்கியது 2010 ஆகஸ்டில். சிக்கன நடவடிக்கை என்ற பேரில் அரசு வெட்ட ஆரம்பித்ததும் அதே கோடையில். 2010-11-இல் டிரஸ்ஸல் டிரஸ்ட் கொடுத்த உணவுப் பொட்டலங்கள் சுமார் 61,000. 2023-24-இல் அது 31 லட்சத்தைத் தாண்டியது. மற்ற அமைப்புகள், கோயில்கள், மசூதிகள், குருத்வாராக்கள் கொடுப்பது இந்தக் கணக்கில் வராது. அந்த 31 லட்சத்தில் 11 லட்சத்துக்கு மேற்பட்டவை குழந்தைகளுக்குப் போனவை.